ஸ்லாஷர் படங்கள்: எங்கே தொடங்குவது, எந்தப் பாகத்தைத் தாண்டிப் போவது

ஸ்லாஷர் படங்களுக்கு, அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் தேடிக் கொல்லும் திகில் படங்களுக்கு, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். 'ஹாலோவீன்' நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தேடினால் மொத்தம் 13 படங்கள் வந்து நிற்கும். ஒன்றிலிருந்து வரிசையாகப் போகலாம் என்று உட்கார்ந்தால், மூன்றாவது படத்தில் கொலைகாரனையே காணோம். ஆறாவதில் எங்கிருந்தோ ஒரு மாந்திரீகக் கூட்டம் வருகிறது. ஏழாவது படம், நான்கும் ஐந்தும் ஆறும் நடக்கவே இல்லை என்பதுபோல் ஆரம்பிக்கிறது. பதினொன்றாவது, முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடுகிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பலர் "இந்த வகைப் படமே இவ்வளவுதான்" என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

படங்களில் குறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பழி அந்த எண் வரிசையைத்தான் சேரும். இந்தத் தொடர்களை ஒரு மரமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் படம் அடிமரம். பின்னால் வந்த ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோதான இடத்திலிருந்து ஒரு கிளையை வளர்த்திருக்கிறார். ஒரு கிளையில் ஏறினால் அதிலேயே போங்கள், பிடிக்காவிட்டால் இறங்கிவிடுங்கள். கிளைவிட்டுக் கிளை தாவும்போதுதான் குழப்பம் வருகிறது. எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறது. கொலைகாரர் யார் என்ற ரகசியத்தை இங்கே உடைக்கவில்லை; யார் பிழைக்கிறார் என்பது, பின்னால் வரும் பாகங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் தெரியவரும்.

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது

பேய்ப்படம் பார்த்துப் பழகியவர்கள் கதவு தானாகத் திறப்பதற்கும், கண்ணாடியில் முகம் தெரிவதற்கும் காத்திருப்பார்கள். ஸ்லாஷரில் பயம் தூரத்தை வைத்துக் கட்டப்படுகிறது. கையில் கத்தியோடு ஒருவன் இருக்கிறான். அவன் தெருமுனையில் நிற்கிறானா, வேலிக்குப் பின்னால் நிற்கிறானா, அறைக்குள்ளேயே வந்துவிட்டானா? படம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். பழைய குற்றம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு நாள் அல்லது இடம், இளவட்டக் கூட்டம், முகம் காட்டாத ஒருவன், கடைசிவரை தாக்குப்பிடிக்கும் ஒரு பெண் என்று எலும்புக்கூடு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. அந்தப் பெண்ணைத்தான் ரசிகர்கள் ஃபைனல் கேர்ள் என்பார்கள்.

'ஹாலோவீன்' அமெரிக்காவில் வெளியான அதே 1978 அக்டோபர் கடைசியில்தான் இங்கே பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நம் படம் கொலைகாரனின் கடந்த காலத்துக்குள் போய், அவன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்கிறது. ஸ்லாஷர், அதன் நல்ல வடிவத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் தருவதே இல்லை. "காரணமே சொல்லவில்லையே" என்று எரிச்சல்படாதீர்கள். சொல்லாமல் விட்டதுதான் இந்த வகையின் பலம்.

பிரிண்ட், ஒளி, ஒலி

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதி அனுபவம் இதில்தான் இருக்கிறது. முதலில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். 'ஹாலோவீன்' 91 நிமிடம், 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' 95, 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' 91, 'ஸ்க்ரீம்' 111, 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' 83. கையில் இருக்கும் பிரதி இதைவிட ஐந்தாறு நிமிடம் குறைவாக இருந்தால் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பழைய டிவி முறையான PAL முறை டிவிடிகளில் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய படம் 25 ஃப்ரேமாக ஓடும். 91 நிமிடப் படம் அதில் 87 நிமிடத்தில் முடிந்துவிடும். அது வெட்டு இல்லை, வேகம்.

அடுத்தது படத்தின் அகலம். 'ஹாலோவீன்', 'ஸ்க்ரீம்' இரண்டும் அகலத்திரைப் படங்கள். சாதாரண டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வர வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்திருந்தால் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். 'ஹாலோவீன்' படத்தில் அந்த ஓரத்தில்தான் ஆள் நிற்பான். ஓரம் போனால் பயமும் போயிற்று.

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைத்துவிடுங்கள். இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸை ஏற்றாதீர்கள், அறை விளக்கை அணையுங்கள். பகல் வெளிச்சத்தில் கறுப்பு சாம்பலாகிவிடும், அதோடு இருட்டுக்குள் ஒளிந்திருப்பதற்கு எதுவும் மிஞ்சாது. லேப்டாப் ஸ்பீக்கரில் அடித்தொனி கேட்காது. ஹெட்போன் போதும். டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்க்ரீம்' படத்தில் தொலைபேசிக் குரல் கொடுத்த ரோஜர் ஜாக்சன் படப்பிடிப்பின்போதே நடிகர்களோடு நிஜமாகப் போனில் பேசினார். நடிகர்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினார்கள். அந்தக் குரலை மாற்றிப் போட்டால் படத்தின் முதல் காட்சியே செத்துவிடும்.

டிரெய்லர், போஸ்டர், யூடியூப் தம்ப்னெய்ல் எதையும் பார்க்காமல் நேரே படத்துக்குப் போங்கள். 40 வருடப் பழைய படங்கள் என்பதால் ஸ்பாய்லர் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தேடுபெட்டியில் பெயரைத் தட்டினாலே முடிவு வந்து விழும்.

முதல் படம்: ஹாலோவீன், 1978

இதைத் தவிர வேறு எதிலும் தொடங்காதீர்கள். ஜான் கார்ப்பென்டர் இயக்கம், எழுத்தில் டெப்ரா ஹில்லும் கூட. சுமார் 3 லட்சம் டாலரில், மூன்று வாரத்தில் எடுத்து முடித்த படம். கதை நடப்பது இல்லினாய்ஸ் மாநிலத்தின் இலையுதிர்காலத்தில். எடுத்ததோ கலிஃபோர்னியாவில், வசந்தத்தில். இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் பரப்பி, ஷாட் முடிந்ததும் அள்ளிச் சேர்த்து, அடுத்த தெருவில் மறுபடி கொட்டினார்கள். தரையில் பழுத்த இலை கிடக்க, மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்பதைப் படத்திலேயே பார்க்கலாம். கொலைகாரன் போடும் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி. இரண்டு டாலருக்கும் குறைவான விலைக்கு வாங்கி, கண் துளையைப் பெரிதாக்கி, கிருதாவையும் புருவத்தையும் எடுத்துவிட்டு, வெள்ளை பெயிண்ட் அடித்து, முடியைக் கலைத்தவர் டாமி லீ வாலஸ். இவர் பெயரை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

முதல் காட்சி ஏறத்தாழ நான்கு நிமிடம் ஒரே ஷாட்போல ஓடும். கேமரா வீட்டைச் சுற்றி வந்து, சமையலறைக்குள் நுழைந்து, கத்தியை எடுத்து, மாடி ஏறும். உண்மையில் உள்ளே சில வெட்டுகளை மறைத்திருக்கிறார்கள். முகமூடி போடும் இடத்தில் ஒன்று இருக்கிறது. கத்தி எடுக்கும் கை டெப்ரா ஹில்லுடையது.

அதன்பின் அரை மணி நேரத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்காது. இங்கேதான் புதியவர்கள் போனை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். அந்த அரை மணி நேரமும் படம் உங்கள் கண்ணுக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்துகிறது. நடுவில் பேசுகிறவர்களை விட்டுவிட்டுப் பின்னணியையும் ஓரத்தையும் பாருங்கள். வேலிச்செடிக்குப் பக்கத்தில், துணி காயும் கொடிகளுக்கு நடுவில், தெருவின் எதிர்ப்பக்கம் கார் நிற்கும் இடத்தில். ஒருமுறை அவனைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் காலி இடம் எதைக் காட்டினாலும் கண் தேடத் தொடங்கிவிடும். படம் கேட்பது அதைத்தான்.

அந்தப் பழக்கத்துக்கான கூலி கடைசிப் பகுதியில் வருகிறது. லாரியாக நடிக்கும் ஜேமி லீ கர்ட்டிஸ் ஓர் அறையிலிருந்து அலறிக்கொண்டு வெளியே வந்து, கதவு நிலையை ஒட்டிய சுவரில் சாய்ந்து அழுவார். அவருக்குப் பக்கத்தில் அந்த வாசல் வெறும் கறுப்பு. ஒளிப்பதிவாளர் டீன் கண்டீ அங்கே ஒரு சிறிய விளக்கை வைத்து, அதன் வெளிச்சத்தை டிம்மரில் மெல்ல ஏற்றினார். முகமூடி இருட்டிலிருந்து ஊறி வருவதுபோல் தெரியும். எதுவும் குதிக்காது, எதுவும் பாயாது. உங்கள் கண் அதைக் கண்டுபிடிக்கும் வேகத்துக்குத்தான் அது வருகிறது. இந்த ஒரு ஷாட்டைப் புரிந்துகொண்டால் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் எங்கே கோட்டைவிட்டன என்பது தானாகவே விளங்கும்.

இசையும் கார்ப்பென்டர்தான். அந்த பியானோ வரியை விரலில் போட்டுப் பாருங்கள்: தகிட தகிட தக தக. பத்து அட்சரம், அதாவது ஐந்தின் கணக்கு. நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றும் ஏதோ ஒன்று முன்கூட்டியே வந்துவிட்டதுபோல் இருக்கும். இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரி பயமே இல்லை என்று சொன்னதாகக் கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். படம் முடிந்தபின், கடைசிப் பத்து நிமிடத்தைச் சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அவர் சொன்னது சரி என்று தெரியும்.

ஹாலோவீன் கிளைகள்

ஒன்றாம் கிளை: 1978, 1981, 1988, 1989, 1995. இதில் இரண்டாம் பாகம் அதே இரவில், மருத்துவமனையில் தொடர்கிறது. பரவாயில்லை ரகம். ஆனால் முகமூடிக் கொலைகாரன் மைக்கேலுக்கும் லாரிக்கும் ஒரு உறவைச் சொல்லி, காரணமற்றவனுக்குக் காரணம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இருபது வருடப் படங்கள் அந்த முடிச்சைச் சுமந்துகொண்டே அலைந்தன. நான்காம் பாகம் ரசிக்கத்தக்கது, ஐந்தும் ஆறும் வேண்டாம்.

இரண்டாம் கிளை: 1978, 1981, 1998. இதில் 1998 படம் 86 நிமிடம்தான், பெயரில் 'எச்20' என்று இருக்கும். லாரி 20 வருடம் கழித்து எப்படி இருக்கிறாள் என்று கேட்ட படம். நன்றாக முடிகிறது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2002இல் வந்த அடுத்த படம் முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே அந்த நல்ல முடிவைக் குலைத்துப்போடும்.

மூன்றாம் கிளை: 1978, 2018. புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வார இறுதியில் இரண்டையும் முடித்துவிடலாம். 2018 படம் உறவுக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஓர் இரவு ஒரு பெண்ணை 40 வருடம் என்ன செய்யும் என்று பார்க்கிறது. இசையில் கார்ப்பென்டரும் அவர் மகனும் இருக்கிறார்கள். 2021 பாகம் கூச்சலும் கூட்டமுமாகப் போய்விட்டது. 2022 பாகத்தைப் பலர் திட்டினார்கள். எனக்கு அதன் துணிச்சல் பிடிக்கும், ஆனால் புதியவர்களுக்கு அவசரமில்லை.

1982இல் வந்த மூன்றாம் பாகம் எந்தக் கிளையிலும் சேராது. ஆண்டுக்கு ஒரு தனிக் கதை என்ற திட்டத்தில், மைக்கேலே இல்லாமல் எடுத்தார்கள். இயக்குநர், அந்த முகமூடிக்கு வெள்ளை அடித்த டாமி லீ வாலஸ். வெளியானபோது தோற்றது. எண்ணை மறந்துவிட்டுத் தனிப்படமாகப் பார்த்தால், பண்டிகைக்காக முகமூடி விற்கும் ஒரு கம்பெனியைப் பற்றிய உருப்படியான திகில் படம்.

அடுத்தது ஃப்ரைடே தி தர்ட்டீன்த். 'ஸ்க்ரீம்' படத்துக்கு முன்னால்

இந்த வரிசை முக்கியம். 'ஸ்க்ரீம்' படத்தின் முதல் காட்சியிலேயே 1980 'ஃப்ரைடே' படத்தின் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுவார்கள். அதே படத்தில் 'ஹாலோவீன்' டிவியில் ஓடுகிறது, கிளைமாக்ஸ் உட்பட. முதலில் 'ஸ்க்ரீம்' பார்த்தால் இரண்டு படங்கள் கெட்டுப்போகும்.

முதல் 'ஃப்ரைடே' படத்தில் ஆற அமர நடப்பதும் மழையும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாரி மான்ஃப்ரெடினி ஒரு விதி வைத்து இசையமைத்தார்: கொலைகாரர் உண்மையிலேயே அங்கே இருந்தால்தான் இசை. விளையாட்டுக்குப் பயமுறுத்தும் இடத்தில் இசை வராது. இதைத் தெரிந்துகொண்டு காதைத் தீட்டிவைத்துப் பார்த்தால் படம் இரண்டு மடங்கு சுவாரசியம்.

ஒப்பனையில் காயமும் ரத்தமும் உருவாக்கிய டாம் சவினியின் கைவேலைக்காகவும் பார்க்கலாம். கட்டிலில் படுத்திருக்கும் கெவின் பேக்கனின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு அம்பு வரும் காட்சி ரொம்பப் பிரபலம். நடிகர் உண்மையில் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, தலையை மட்டும் துளை வழியே மேலே நீட்டியிருந்தார். மேலே தெரியும் கழுத்தும் மார்பும் செயற்கை. ரத்தம் தள்ளும் பம்பின் குழாய் படம் எடுக்கும்போது கழன்றுவிட்டது. உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார். ரத்தம் சீராக வழியாமல் கொப்பளித்து வருவது அதனால்தான். காட்சி பிழைத்தது மட்டுமில்லை, எடுபட்டது.

பாராமவுண்ட் 1980 முதல் 1989 வரை எட்டுப் பாகங்களை வெளியிட்டது. அவற்றில் 1, 2, 4, 6 போதும். ஹாக்கி முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இரண்டாம் பாகத்தில் இந்தத் தொடரின் அடையாளமாகிவிட்ட ஜேசன் தலையில் வெறும் சாக்குத்துணி, எனக்கு அதுதான் அதிகம் பயம் தருவது. (அந்தப் பாகத்தின் இரண்டு கொலைகள், இத்தாலியின் மாரியோ பாவா 1971இல் எடுத்த படத்தில் இருப்பவைபோலவே இருக்கும்.) மூன்றாம் பாகம் 3டியில் எடுத்தது. யோ-யோ, ஈட்டி என்று எதையாவது கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டே இருப்பார்கள். சாதாரணத் திரையில் அது அலுப்பு. விட்டாலும் கதை நஷ்டமில்லை, நான்காம் பாகம் தொடங்கும்போதே முந்தைய மூன்றையும் சுருக்கிச் சொல்லிவிடுகிறது.

1984இல் வந்த அந்த நான்காம் பாகத்தின் பெயர் 'தி ஃபைனல் சாப்டர்'. அடுத்த வருடமே ஐந்தாம் பாகம் வந்தது. 1993இல் ஒன்பதாவதற்கும் 'தி ஃபைனல் ஃப்ரைடே' என்று பெயர். தலைப்பில் 'ஃபைனல்' என்று இருந்தால் அது விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான்காம் பாகத்தை நிஜமாகவே கடைசி என்று நினைத்து எடுத்திருக்கிறார்கள், சவினியும் திரும்பி வந்தார், அந்த அக்கறை தெரிகிறது. ஆறாம் பாகமான 'ஜேசன் லிவ்ஸ்' கொஞ்சம் சிரிக்கவும் வைக்கும், பயத்தையும் விடாது. இரண்டையும் ஒன்றாகச் சமாளித்த படங்கள் இந்த வகையில் குறைவு. எட்டாம் பாகம் தலைப்பில் மன்ஹாட்டன் என்கிறது, ஆனால் பெரும்பகுதி கப்பலிலேயே போகிறது. பத்தாவது விண்வெளியில். நண்பர்கள் கூட்டமாக இருக்கும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்ம் ஸ்ட்ரீட்: 1, 3, 7

இயக்குநர் வெஸ் கிரேவன் 1984இல் வைத்த விதி ஒற்றை வரி: கனவில் செத்தால் நிஜத்திலும் சாவு. தூக்கத்திலேயே இறந்துபோன தென்கிழக்கு ஆசிய அகதிகளைப் பற்றிய செய்திகள்தான் அவருக்குப் பொறி. இந்த விதியை மதித்த பாகங்கள் நின்றன, மீறியவை சரிந்தன. அதனால் முதல் படம், மூன்றாவது (1987), பிறகு நேரே 1994இல் வந்த 'நியூ நைட்மேர்'. மூன்றில் கதை மனநல விடுதிக்குப் போகிறது. ஒவ்வொருவர் கனவுக்கும் தனி வடிவம் கிடைக்கிறது. முதல் படத்தின் நாயகி நான்சியும் திரும்பி வருகிறாள். ஏழாவதில் நடிகர்களும் கிரேவனும் வேடமில்லாமல், நிஜ மனிதர்களாகவே தோன்றுவார்கள். முதல் படத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது.

முதல் படத்தில் டீனா சுவரில் இழுபட்டுக் கூரைக்குப் போகும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். அறையையே சுழலும் பெட்டியாகக் கட்டி, கேமராவையும் ஆளையும் அதில் இறுக்கிக் கட்டிவிட்டுக் கையால் சுற்றினார்கள். நடிகை எப்போதும் கீழ்ப்பக்கத்தில்தான் உருண்டுகொண்டிருந்தார். நான்சியின் தலைக்கு மேல் சுவர் பிதுங்கி முகம் தெரிவது, இழுத்துக் கட்டிய ஸ்பாண்டெக்ஸ் துணி. பின்னால் ஒருவர் அழுத்துகிறார், அவ்வளவுதான். 2010 ரீமேக்கில் இதே காட்சியைக் கணினியில் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது சுவர்போல் இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம்.

இந்தத் தொடர் ஏன் சரிந்தது என்பது எளிது. முதல் படத்தில், கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி (நடித்தவர் ராபர்ட் இங்லண்ட்) திரையில் இருப்பது சில நிமிடங்களே, பெரும்பாலும் நிழலில். நான்காம் பாகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்து, ஒவ்வொரு கொலைக்கும் ஒரு பஞ்ச் வசனம் விட ஆரம்பித்தார். கைதட்டல் வாங்கியவரைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

பிறகு ஸ்க்ரீம்

1996 டிசம்பரில் முதல் படம், சரியாக ஒரு வருடத்தில் இரண்டாவது. அவசரமாக எடுத்தும் தேறிய அபூர்வமான சீக்வல் அது. எழுதிய கெவின் வில்லியம்சன் இரண்டிலும் இருந்தார் என்பது முக்கியக் காரணம். மூன்றில் அவர் இல்லை, இல்லாதது தெரிகிறது. 2011இல் வந்த நான்காவது கிரேவன் இயக்கிய கடைசிப் படம், வெளியானபோது கிடைத்ததைவிட நல்ல பெயருக்குத் தகுதியானது. இந்தத் தொடருக்குக் கிளைப் பிரச்சினை கிடையாது. எண் வரிசையில் தாராளமாகப் போகலாம். முகமூடிக்குள் இருப்பவர் தடுக்கி விழுவார், சோபாவில் மோதுவார், உதை வாங்குவார். அதைக் குறையாக எடுக்க வேண்டாம், உள்ளே இருப்பது சாதாரண மனிதர் என்று படம் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

வேர்களுக்குப் போவது

1960 'சைக்கோ'வை இந்த இடத்தில் வையுங்கள். குளியலறைக் காட்சியைத் துண்டாகப் பார்த்திருப்பீர்கள், முழுப்படமாகப் பார்ப்பது வேறு. அதன்பின் 1983 'சைக்கோ 2'. ஹிட்ச்காக் படத்துக்கு இரண்டாம் பாகமா என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காதவர்கள். 23 வருடம் கழித்து ஆண்டனி பெர்கின்ஸ் அதே வேடத்தில், இந்த முறை நம் இரக்கத்தைக் கேட்கிறார். பழைய படத்தை நகலெடுக்காமல் பழைய ஆளுக்கு வயதைக் கூட்டியது, அதனால்தான் நிற்கிறது.

கனடாவிலிருந்து வந்த 1974 'பிளாக் கிறிஸ்மஸ்', 'ஹாலோவீன்' செய்த பலவற்றை நான்கு வருடம் முன்பே செய்துவிட்டது. தொலைபேசி ஒலிக்கும் காட்சிகளைக் கட்டாயம் ஹெட்போனில் கேளுங்கள். அதே வருடத்து 'டெக்சாஸ் செயின் சா' படத்தைக் கடைசிக்கு வையுங்கள். தலைப்பைக் கேட்டு ரத்தக்களறி என்று நினைப்பார்கள், திரையில் தெரியும் ரத்தம் மிகக் குறைவு. டெக்சாஸ் கோடையில், மூடிய வீட்டுக்குள், விருந்துக் காட்சியை ஒரே மூச்சில் ஒரு நாளுக்கும் மேலாக எடுத்தார்கள். நடிகர்களின் முகத்தில் இருக்கும் களைப்பு நடிப்பில்லை. அந்த வியர்வைதான் உங்களை அமைதியிழக்கச் செய்யும். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

ரத்தம் பார்க்க முடியாதவர்களுக்கு 'ஹாலோவீன்', 'பிளாக் கிறிஸ்மஸ்', 'சைக்கோ' மூன்றும் ஒத்துவரும். 'டெர்ரிஃபையர்' தொடரின் துண்டுகள் எங்கும் சுற்றுகின்றன. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் பாகம் 138 நிமிடம், அதில் உடலைச் சிதைக்கும் காட்சிகளைத் தாங்கத் தனிப் பழக்கம் வேண்டும். இங்கே சொன்ன எதுவுமே குழந்தைகள் இருக்கும் கூடத்தில் போடுகிற படமில்லை.

தெரியாத சீக்வலை இருபது நிமிடத்தில் எடைபோடுவது

வீடோ முகாமோ, அதன் வரைபடம் உங்கள் மனதில் பதிகிறதா என்று பாருங்கள். எந்தக் கதவு எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் துரத்தல் காட்சியில் பயம் வராது, வெறும் ஓட்டம்தான். இருபது நிமிடம் கழித்து மூன்று பேரின் பெயராவது நினைவில் இருக்க வேண்டும். முந்தைய படத்தின் காட்சிகளை நீளமாக ஓட்டினால் கையில் சரக்கு குறைவு என்று பொருள், 'ஃப்ரைடே' இரண்டாம் பாகம் மாதிரி சில விலக்குகள் உண்டு. கொலைகாரனின் சிறுவயது, சாபம், ரத்தவழி என்று விளக்கம் தொடங்கினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

சில படங்களைப் படத்தை வைத்து மட்டும் எடைபோட முடியாது. 1981 'மை பிளடி வேலன்டைன்' நிஜச் சுரங்கத்தில் எடுத்த நல்ல படம். தணிக்கைக்காகக் கொலைக் காட்சிகளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். 2009இல் அவற்றில் சுமார் மூன்று நிமிடத்தை மீட்டுச் சேர்த்தார்கள். வாங்குவதென்றால் அந்தப் பிரதியை வாங்குங்கள். 'ஃப்ரைடே' ஏழாம் பாகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெட்டிய காட்சிகள் மங்கலான பிரதியாகத்தான் மிஞ்சின. 'ஹாலோவீன்' ஆறாம் பாகத்துக்கு 'புரொட்யூசர்ஸ் கட்' என்று வேறொரு வடிவமே இருக்கிறது. பார்த்தே தீருவேன் என்பவர்கள் அதைப் பாருங்கள், திரையரங்கில் வந்ததைவிடப் புரியும்.

ரீமேக்குகளில் தொடங்கக் கூடாது என்பதற்கு ராப் ஸாம்பியின் 2007 'ஹாலோவீன்' போதுமான சாட்சி. பாதிப் படத்தை மைக்கேலின் குழந்தைப் பருவத்துக்குக் கொடுத்துவிட்டது, அதைப் பார்த்தபின் 1978 படத்தின் இருட்டு உங்களுக்கு வேலை செய்யாது. மூலத்துக்குப் பிறகு பார்க்கத் தகுந்தது 2003 'டெக்சாஸ் செயின் சா'. 1974இல் ஒளிப்பதிவு செய்த டேனியல் பேர்ல்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர், ஒரே மனிதர் ஒரே வெயிலை 30 வருட இடைவெளியில் எப்படிப் பார்க்கிறார் என்பதற்காகவே பார்க்கலாம். மூலத்தைப் பார்த்து ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், மறுநாளே பார்த்தால் காட்சிக்குக் காட்சி ஒப்பிடுவதிலேயே பொழுது போய்விடும்.